தோட்டமலைக்கு படகுல ஊசிமருந்து கொண்டு போறது வேஸ்ட்டா?

அணைக்கரையான்: நேத்து இங்க ஒரு மகராசன் எழுதிருக்காரு, குமரி மாவட்டத்துல பேச்சிப்பாறை அணை தாண்டி தோட்டமலைக்கு படகுல பிள்ளைகளுக்கான தடுப்பூசி மருந்து கொண்டு போறது வேஸ்ட்டாம், குப்பிய தொறந்தா 4 மணி நேரத்துல கெட்டுப்போவுமாம், அங்க இருக்க காணிக்கார மலைவாழ் சனங்களுக்கு விழிப்புணர்வு இல்லியாம், அவங்கதான் கீழ எறங்கி வரணுமாம். ஓய், மழைநேரம் அணை பெருகிக் கெடக்கும்போ ஆறு வாரப் பிள்ளைய தூக்கிட்டு அந்தப் படகுல ஒருவாட்டி வந்து பாரும். தொறந்த குப்பி 28 நாள் இருக்கும், எழுதி வச்சுக்கிடும்.

நாரோயில் மைனர்: அந்த மகராசன் நான்தான். 4 மணி நேரம். எங்க மைனி நர்ஸு.

அணைக்கரையான்: 28.

ரப்பர்பால்: ரெண்டுபேரும் எந்த மருந்தப் பத்தி பேசுறிய? காசநோய்க்குப் போடுற பிசிஜியும் தட்டம்மை ரூபெல்லாவும் பொடியா வரும், கலக்குனா 4 மணி நேரந்தான். அஞ்சு நோய்க்கு ஒண்ணா போடுற பென்டாவேலன்ட், போலியோ சொட்டு எல்லாம் ஐஸ் பெட்டியில 2லேந்து 8 டிகிரியில இருந்து, சூடு பட்டுதான்னு காட்டுறதுக்கு குப்பியில உள்ள சதுரம் கறுக்காம இருந்தா 28 நாள் வரைக்கும் எடுக்கலாம்.

நாரோயில் மைனர்: பாத்தீரா, 4 மணி நேரம்னு அவரே சொல்லிட்டாரு 😂

அணைக்கரையான்: 28ன்னு சொன்னது மட்டும் கண்ணுல படலியோ? செரி விடும், விழிப்புணர்வுன்னீரே, 2017 பிப்ரவரியில பள்ளிக்கூடத்துல தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டப்போ வாட்ஸப் வதந்திய நம்பி பிள்ளைய வீட்டுல பூட்டி வச்சது யாரு, மலைக்காரனா, காரு வச்சிருக்க டவுண்காரன் ஓய். மலையில ஊசி வேண்டாம்னு யாரு சொன்னா, புதன்கெழம காலைல ஊசி போட வந்து நின்னா ரப்பர் பால்வெட்டுக்குப் போன அம்மா எப்பிடி வருவா, அவ திரும்புற நேரம் பாத்து வரணும். செவுத்துல கை கழுவுற படம் ஒட்டிட்டு போட்டோ எடுத்துட்டு போனா சுகாதாரக் கல்வியா? அந்த ஊர்க்காரி ஒருத்திக்கே ட்ரெயினிங் குடுங்க, பென்டா போட்டா ராத்திரி காச்சல் வரும், பயப்படாண்டாம், 10 வாரத்துலயும் 14 வாரத்துலயும் அடுத்தது இருக்குன்னு அவ சொன்னா கேப்பாங்க.

நெய்யூர்க்காரி: எங்க ஊருல 1838லயே ஆஸ்பத்திரி வந்தாச்சு. எங்களுக்கு யாரும் பாடம் எடுக்காண்டாம்.

அணைக்கரையான்: ஒங்களுக்கு யாரும்மா எடுத்தா? மலையப் பத்தி பேசும்போ நெய்யூரு எங்கேருந்து வந்துது?

நெய்யூர்க்காரி: சக்கை வத்தல் த்ரெட்லயும் நீங்க இப்பிடித்தான் எரிஞ்சு விழுந்திய. மறக்கல.

நாரோயில் மைனர்: அவருக்கு அதே பொழப்பு அக்கா. ஆனா 4 மணி நேரம், அதுல மாத்தமே இல்ல.

ரப்பர்பால்: பொடி மருந்துக்கு மட்டும்னு அப்பவே சொன்னேன் அண்ணே...

அணைக்கரையான்: அவருட்ட சொல்லி என்ன பிரயோஜனம். மைனி எந்த ஆஸ்பத்திரின்னு கேளும், அதச் சொல்ல மாட்டாரு.

நாரோயில் மைனர்: மைனிய இழுக்காதீரும் ஓய்.

அணைக்கரையான்: இழுத்துட்டு வந்தது நானா நீரா?