பாகெட் ரொட்டியின் மேலோடு என் அடுப்பில் ஏன் மொறுமொறுப்பாக வருவதில்லை?

கேள்வி (மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து)

வணக்கம். எங்கள் தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரர் விற்பதெல்லாம் பஞ்சுபோன்ற இனிப்பு ரொட்டிதான். பேரன் ஆசைப்பட்டுக் கேட்டதால், கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் ஆகிய நான்கை மட்டும் சேர்த்துப் பாகெட் எனப்படும் பிரெஞ்சு நீள ரொட்டியை மூன்று முறை சுட்டுப் பார்த்தேன். மாவு ஒரு மணி நேரத்திலேயே இரு மடங்காக உப்பிவிடுகிறது. ஆனாலும் மேலோடு வெளிறித் தடித்துப் போகிறது, உள்ளே பெரிய துளைகள் இல்லை, மணமும் இல்லை. நான் எதை விட்டுவிட்டேன்?

மறுமொழி 1

அம்மா, பொருள்களில் நீங்கள் எதையும் விடவில்லை. பிரான்சில் 1993ஆம் ஆண்டு வெளியான அரசாணையின்படி, ‘பாரம்பரியப் பிரெஞ்சு ரொட்டி’ என்ற பெயரில் விற்கும் ரொட்டிக்கு அடிப்படை இந்த நான்கும்தான். மாவை எந்தக் கட்டத்திலும் உறைய வைக்கக் கூடாது, வேதிச் சேர்க்கைகளும் கூடாது. உங்களுக்குக் குறைந்தது நேரம். நம் ஊர் வெப்பத்தில் ஈஸ்ட் விரைந்து காற்றை உண்டாக்கிவிடுகிறது, ஆனால் மணமும் சுவையும் உருவாக அந்த ஒரு மணி நேரம் போதாது. தோசை மாவை இரவெல்லாம் புளிக்க விடுகிறோமே, அந்தப் பொறுமை இதற்கும் வேண்டும். அரை கிலோ மாவுக்குக் கால் தேக்கரண்டி ஈஸ்டும் ஏறக்குறைய 350 கிராம் தண்ணீரும் சேர்த்து, குளிர்பெட்டியில் 12 மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள். மாவு கையில் ஒட்டும். ஒட்டட்டும், துளைகள் விழ அந்த ஈரம் உதவும்.

மறுமொழி 2

மேலோட்டுக்கு நீராவி இன்றியமையாதது. சுடத் தொடங்கியதும் மாவின் மேற்பரப்பு ஈரமாக இருந்தால்தான் அது உடனே இறுகாமல் ரொட்டி நன்றாக விரிந்து எழும். மேலே உள்ள மாவுச்சத்தும் ஈரத்தில் வெந்து, பின்பு காய்ந்து, மெல்லிய பளபளப்பான ஓடாகும். அடுப்பை 240 பாகை வரை நன்றாகச் சூடாக்கி, அடித்தட்டில் ஓர் இரும்புத் தட்டை வைத்து, ரொட்டியைக் கூரிய கத்தியால் சாய்வாகக் கீறி உள்ளே வைத்தவுடன் அத்தட்டில் கொதிநீர் ஊற்றுங்கள். ஆவி கையைச் சுட்டுவிடும், கவனம். பத்து நிமிடம் கழித்துத் தட்டை எடுத்துவிடுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே செய்தேன். வெளியே எடுத்ததும் ஓடு வெடிக்கும் ஓசையைப் பேரனும் கேட்டான். ஆனால் மாலைக்குள் அது தோல்போல் ஆகிவிட்டது.

மறுமொழி 1

அது உங்கள் பிழையன்று, அம்மா. உள்ளிருக்கும் ஈரமும் நம் ஊர்க் காற்றின் ஈரமும் ஓட்டில் ஏறிவிடுகின்றன. கொழுப்பும் சர்க்கரையும் இல்லாததால் பாகெட் பிரான்சிலேயே ஒரு நாளைக்கு மேல் நன்றாக இருப்பதில்லை. அங்கே அன்றாடம் புதிதாக வாங்குகிறார்கள். பிளாஸ்டிக் பையில் மூடாதீர்கள். சூடான அடுப்பில் ஐந்து நிமிடம் வைத்தால் ஓடு மறுபடியும் மொறுமொறுப்பாகும். பேரன் பள்ளி விட்டு வருவதற்குச் சற்று முன்பாகச் சுட்டு எடுப்பது இன்னும் நல்லது.