இறங்கும்போது முட்டி உள்ளே மடங்குகிறது, என்ன பயிற்சி கொடுக்கலாம்?

பார்கூர் (ஓடி, குதித்து, ஏறித் தடைகளைத் தாண்டும் பயிற்சி) கற்றுத்தருகிறவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். புதியவர்களுக்கு நின்ற இடத்திலிருந்து பாய்ந்து குறித்த இடத்தில் இறங்கும் பிரிசிஷன் ஜம்ப் பழக்குகிறோம். சுவர், கம்பி எதுவும் இப்போது வேண்டாம். தரையில் சாக்பீஸ் கோடுதான். தூரம், அவரவர் பாதத்தை ஒட்டி ஒட்டி வைத்து 5 அல்லது 6 அளவு.

கிளம்புவது நன்றாகவே வருகிறது. கையைப் பின்னுக்கு வீசி, உடம்பு முன்னால் சாயும் நொடியில் முன்பாதத்தால் உந்துகிறார்கள். சிக்கல் இறங்குவதில். முன்பாதம் கோட்டில் சரியாகப் பட்டதுமே இரண்டு முட்டியும் ஒன்றை நோக்கி ஒன்று மடங்குகின்றன. இப்படியே தூரத்தைக் கூட்டினால் முட்டி ஜவ்வு கிழியும் என்ற பயம் இருக்கிறது.

ஒரு படி உயரத்திலிருந்து இறங்கி, முட்டி கால்விரல் பக்கமே பார்க்க 3 விநாடி அசையாமல் நிற்கச் சொல்கிறோம். தொடையில் ரப்பர் பேண்ட் மாட்டி உட்கார்ந்து எழுவதும் உண்டு. இறங்கும் சத்தம் குறைந்துவிட்டது. முட்டி மட்டும் திருந்தவில்லை, களைத்ததும் இன்னும் மோசம்.

இடுப்புப் பக்கத் தசைக்கு ஒற்றைக்கால் பயிற்சியை முதலில் கொடுத்து, குதிப்பதைச் சில வாரம் நிறுத்திவைக்கலாமா? ஒரு வகுப்பில் எத்தனை குதிப்போடு நிறுத்துகிறீர்கள்?