குரங்கு செத்தது 13ஆம் தேதி! (1900 சான் பிரான்சிஸ்கோ பிளேக், சீனப் பத்திரிகை, நுண்ணோக்கிக்குப் பதில்)

பழையபேப்பர் (காலை 6.40)
தடுப்பூசி இழையில் நண்பர் நுண்ணோக்கி போகிற போக்கில் ஒரு வரி வீசிவிட்டுப் போயிருக்கிறார். "1900இல் சான் பிரான்சிஸ்கோவில் பிளேக் வந்தபோது அங்கிருந்த சீனப் பத்திரிகை பிளேக்கே இல்லை என்று பொய்ச் செய்தி போட்டது, ஜனங்கள் செத்தார்கள், இன்றைய வாட்ஸ்அப் வதந்திக்கு அதுதான் பாட்டன்." இதற்கு 43 விருப்பக்குறி வேறு. ராத்திரி படித்தேன், தூக்கம் போச்சு.

அந்தப் பத்திரிகையின் பெயர் சுங் சாய் யாட் போ. சீன-மேற்கு நாளேடு என்று வைத்துக்கொள்ளலாம். நடத்தியவர் இங் பூன் சியூ. தாய்ஷான் பக்கத்து ஊர்க்காரர், 1881இல் பையனாகக் கப்பலேறி அமெரிக்கா வந்து, பிரெஸ்பிட்டேரியன் போதகர் ஆனவர். சான் பிரான்சிஸ்கோவில் பத்திரிகை தொடங்கியது 1900 பிப்ரவரி. முதல் பிளேக் பிணம் கிடைத்தது மார்ச் 6. தவழக்கூட ஆரம்பிக்காத பத்திரிகை ஐயா அது.

நடந்தது இதுதான். மரக்கடையில் வேலை பார்த்த வோங் சுட் கிங் செத்துப்போனார். தங்கியிருந்தது குளோப் ஹோட்டல் என்கிற நெரிசல் விடுதி. இடுப்புக்குக் கீழே நெறி கட்டியிருந்தது. நகராட்சியின் பாக்டீரியா நிபுணர் அதிலிருந்து சாறெடுத்துப் பார்த்துச் சந்தேகப்பட்டார். வெறும் சந்தேகம். அடுத்த நாள் விடிவதற்குள் போலீஸ், சீனர்கள் குடியிருந்த சைனா டவுனைச் சுற்றிக் கயிறு கட்டி, யாரும் வெளியேறாதபடி அடைத்துவிட்டது. சுமார் பன்னிரண்டு பிளாக். உள்ளே இருந்த வெள்ளைக்காரர்களை மட்டும் பத்திரமாக வெளியே அனுப்பினார்கள். அந்தச் சாறு ஏஞ்சல் தீவில் இருந்த மத்திய அரசு மருத்துவர் கின்யூனிடம் போனது. அவர் அதை ஒரு எலி, இரண்டு கினிப் பன்றி, ஒரு குரங்குக்கு ஏற்றிவிட்டுக் காத்திருந்தார். அவை செத்தால்தான் பிளேக் என்று நிரூபணம்.

இப்போது தேதியைப் பாருங்கள். கயிறு கட்டியது மார்ச் 7. அவிழ்த்தது 9. எலியும் கினிப் பன்றிகளும் செத்தது 11. குரங்கு செத்தது 13. கயிறு கட்டும்போது குரங்கு உயிரோடு இருந்தது, அவிழ்க்கும்போதும் உயிரோடு இருந்தது. நிரூபணம் வராத நாளில் அடைப்பை எதிர்த்து எழுதியவன் பொய்யனா? நுண்ணோக்கி பதில் சொல்லட்டும்.

நுண்ணோக்கி (காலை 8.15)
தூக்கத்தைக் கெடுத்ததற்கு மன்னிக்கவும். விருப்பக்குறியை எண்ணிப் பார்க்கும் அளவுக்கு உங்களுக்கு நேரம் இருப்பது தெரியாது.

சரி, குரங்கு 13ஆம் தேதி செத்தது. அப்புறம்? 14ஆம் தேதி முதல் அந்தப் பத்திரிகை "ஐயோ, பிளேக்தான், மருத்துவர்கள் சொல்வதைக் கேளுங்கள்" என்று எழுதியதா? நோயாளிகளை மாடிக்கு மாடி மாற்றி ஒளித்துவைத்தார்கள், பிணங்களை மறைத்தார்கள். 1904 வரை 119 பேர் போனார்கள், பெரும்பாலும் சீனர்கள். நான் பதினெட்டு வருஷமாக லேபில் ஸ்லைடு பார்க்கிறவன். நெறியில் அந்தக் கிருமி தெரிந்தாலே பாதி முடிவு கையில் வந்த மாதிரி. குரங்கு சாகும்வரை காத்திருந்தால் ஊர் செத்துவிடும்.

தராசு (காலை 8.31)
முதலில் ஒன்றைப் பேசிக்கொள்வோமா? பொய்ச் செய்தி என்று எதைச் சொல்கிறோம்? தெரிந்தே எழுதிய பொய்யா, தெரியாமல் செய்த தவறா? செய்திப் பத்தியா, தலையங்கமா?

பழையபேப்பர் (காலை 8.40)
பாதி முடிவு! பாதி முடிவுக்கு முழு ஊரைப் பூட்டலாமா?

அந்தத் தாள் என்ன எழுதியது தெரியுமா? சட்டப்படி தொற்று கண்ட வீட்டு வாசலில் மஞ்சள் கொடி நடுங்கள், அல்லது அந்த வீட்டைச் சுற்றி நாடா கட்டுங்கள், ஊரையே அடைத்ததாக நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை என்றது. நியாயமான பேச்சு. இதில் பொய் எங்கே? நான் முப்பத்திரண்டு வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். ஒரு எழுத்து மாறினால் வயிறு கலங்கும் எனக்கு. "இல்லை" என்பதும் "நிரூபிக்கவில்லை" என்பதும் வேறு வேறு சொல். லேபில் இருப்பவர்களுக்கு இது விளங்காது.

குரங்கு செத்தது 13ஆம் தேதி.

எழுத்துக்கூட்டி (காலை 9.05)
இடையில் ஒரு திருத்தம். அது "ஜோங்ஷீ ரிபாவ்". சீன மொழியில் அப்படித்தான் உச்சரிக்க வேண்டும். தமிழில் எழுதும்போதாவது சரியாக எழுதலாமே.

பழையபேப்பர் (காலை 9.09)
தம்பி, நீங்கள் சொல்வது மாண்டரின். அங்கே இருந்தவர்கள் கான்டன் பக்கத்து ஜனங்கள். அவர்கள் வாயில் அது சுங் சாய் யாட் போதான். பத்திரிகையின் பெயரை அந்தப் பத்திரிகைக்காரன் சொன்ன மாதிரி எழுதுவதுதான் சரி. மாண்டரின் வகுப்பில் சேர்ந்து எத்தனை வாரம் ஆகிறது?

எழுத்துக்கூட்டி (காலை 9.12)
மூன்றாம் நிலை முடித்துவிட்டேன், நன்றி.

சிங்கைச்செல்வன் (காலை 9.50)
வெளிநாட்டில் சீனப் பத்திரிகை என்றாலே எல்லோரும் அமெரிக்காவுக்கு ஓடுகிறீர்கள். எங்கள் ஊரில் 1881இலேயே லாட் பாவ் வந்துவிட்டது. தொடங்கியவர் சீ இயூ லே. 1932 வரை நடந்தது. அப்போது உங்கள் போதகர் கப்பலில் இருந்திருப்பார்.

பழையபேப்பர் (காலை 9.58)
செல்வன் அண்ணே, யார் முதல் என்று யாரும் இங்கே கேட்கவில்லை. சோழர் இழையிலும் இதே மாதிரி நடுவில் புகுந்து சிங்கப்பூரைச் செருகினீர்கள், நினைவிருக்கிறது.

வாய்தா (காலை 10.20)
சட்டப் பக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன். மார்ச் அடைப்பு வெறும் முன்னோட்டம். மே மாதம், ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த பிளேக் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளாத ஆசியர் யாரும் நகரத்தை விட்டுப் போகக் கூடாது என்றார்கள். வெள்ளையர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. வோங் வாய் என்பவர் வழக்குப் போட்டார், நீதிபதி மாரோ மே 28 அன்று தடை கொடுத்தார். மறுநாளே இரண்டாவது அடைப்பு! இந்த முறை வேலி, முள்கம்பி எல்லாம் வந்தது. ஸ்டாக்டன் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த ஜூ ஹோ என்பவர் நீதிமன்றம் போனார். கோடு எப்படிப் போட்டிருந்தார்கள் தெரியுமா? ஒரே வரிசைக் கட்டடங்களில் சீனர் கடை உள்ளே, வெள்ளையர் கடை வெளியே. எலிக்குக் கடைக்காரர் நிறம் தெரியுமா? ஜூன் 15 அன்று அடைப்பை எடுக்கச் சொல்லிவிட்டார் மாரோ. ஆரோக்கியமானவர்களையும் நோயாளிகளையும் ஒன்றாகப் பூட்டிவைத்தால் நோய் பரவத்தான் செய்யும் என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு.

நுண்ணோக்கி (காலை 10.44)
வக்கீல் சார், அடைப்பு அநியாயம் என்பதை நான் மறுத்தேனா? கோடு போட்டவர்கள் அயோக்கியர்கள். ஒப்புக்கொள்கிறேன். என் கேள்வி பத்திரிகையைப் பற்றி. ஊசிக்கு எதிராகக் கிளம்பிய கூச்சலைப் பத்திரிகை போடாமல் இருந்ததா?

பழையபேப்பர் (காலை 10.52)
போட்டது. போடத்தான் வேண்டும். ஊரே பயந்து கிடக்கிறது, அதைப் போடாமல் ராசிபலனா போடுவான்? அந்தப் பயம் சும்மா வந்ததா? ஹாஃப்கின் ஊசி போட்டால் காய்ச்சல், கை வீக்கம் எல்லாம் வரும், வேலைக்குப் போக முடியாது. கூலிக்காரனுக்கு ஒரு நாள் கூலி போனால் என்ன ஆகும் என்பது ஏசி அறையில் ஸ்லைடு பார்ப்பவருக்குத் தெரியாது. பஞ்சாபில் முல்கோவால் கிராமத்தில் அதே ஊசி போட்ட 19 பேர் டெட்டனஸில் செத்தார்களே, தெரியாதா?

நுண்ணோக்கி (காலை 10.55)
முல்கோவால் நடந்தது 1902.

நுண்ணோக்கி (காலை 10.56)
1902.

நுண்ணோக்கி (காலை 10.58)
1900இல் இருந்த சீனர்கள் 1902இல் நடக்கப்போவதை நினைத்துப் பயந்தார்களா? முப்பத்திரண்டு வருஷப் புரூஃப் அனுபவம்! ஒரு எழுத்து மாறினால் வயிறு கலங்குமாம், இரண்டு வருஷம் மாறினால் ஒன்றும் ஆகாதாம்.

பழையபேப்பர் (காலை 11.20)
பயந்தது சரிதான் என்று பின்னால் தெரியவந்தது என்ற பொருளில் எழுதினேன். அவசரக்காரர்களுக்கு அது புரியாது. மேலும், தேதியைப் பற்றிப் பேச உங்களுக்கு வாய் இருக்கிறதா? ஹாஃப்கினை இங்கிலாந்துக்காரர் என்று போன வருஷம் எழுதியவர் யார்? ரஷ்யப் பேரரசில் பிறந்த யூதர் என்று நான்தானே திருத்தினேன்? அன்றும் நன்றி சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். குரங்கு 13ஆம் தேதி.

கடலோடி (மதியம் 12.30)
அந்த ஊசி பம்பாயில் பிறந்தது என்பதை யாரும் சொல்லவில்லையே. 1897 ஜனவரியில் ஹாஃப்கின் தன் உடம்பிலேயே முதலில் போட்டுக்கொண்டு, பிறகு பைகுல்லா சிறையில் சோதித்தார். அதே வருஷம் புனேயில் பிளேக் அதிகாரி ராண்ட் வீடு புகுந்து சோதனை போட்ட விதத்தில் ஜனங்கள் கொதித்துப்போயிருந்தார்கள். ஜூன் 22 அன்று அவரைச் சுட்டார்கள். தன் பத்திரிகையான கேசரியில் எழுதியதற்காகத் திலகருக்கு 18 மாதம் சிறை. இங் பூன் சியூவையும் திலகரையும் ஒரே தட்டில் வைக்கலாம் என்பது என் எண்ணம்.

தராசு (மதியம் 12.41)
வைக்க முடியாது. திலகர் சிறைக்குப் போனார், இவர் போகவில்லை. அதோடு, என் காலைக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கடலோடி (மதியம் 12.44)
சிறைக்குப் போனால்தான் பத்திரிகையாளரா? நல்ல அளவுகோல்.

நுண்ணோக்கி (மதியம் 1.10)
திலகர் வந்துவிட்டார், இனி காந்தி எப்போது? நான் கேட்டது சின்னக் கேள்வி. 1901இல் மத்திய அரசு மூன்று வெளி நிபுணர்களை அனுப்பியது. பிளேக்தான் என்று அவர்கள் அடித்துச் சொன்னார்கள். அதற்குப் பிறகாவது உங்கள் போதகர் "நாங்கள் தவறு செய்தோம்" என்று ஒரு வரி எழுதியதைக் காட்டுங்கள்.

பழையபேப்பர் (மதியம் 1.35)
ஓ, மன்னிப்பு வேண்டுமா? அப்படியானால் வரிசையில் முதலில் யார் நிற்க வேண்டும்? கலிபோர்னியா ஆளுநர் கேஜ். பிளேக்கே இல்லை என்று பதவிக்காலம் முடியும்வரை சாதித்தவர். பிணத்தில் பிளேக் கிருமியைக் கின்யூனே ஏற்றியிருக்கலாம் என்று சட்டசபைக்குச் சொன்ன ஆள்! கின்யூன் 1901இல் ஊரை விட்டே போக வேண்டியதாயிற்று. ஆங்கிலப் பத்திரிகைகள் மட்டும் யோக்கியமா? கிரானிக்கல், கால், புல்லட்டின் மூன்றும் பிளேக் என்பதே ஏமாற்று வேலை என்று கிண்டலடித்தன. வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம். வெள்ளைக்காரன் காசுக்காக இல்லை என்றான், அதற்கு உங்கள் ஊரில் பெயர் என்ன? சீனன் கயிற்றுக்குள் நின்றுகொண்டு "எங்களை ஏன் அடைக்கிறீர்கள்" என்றான், அதற்கு மட்டும் பொய்ச் செய்தி என்று பெயர்.

இன்னொன்று. 1907இல் அதே ஊரில் பிளேக் மறுபடி வந்தபோது செத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். அப்போது கயிறு கட்டினார்களா? எலியைப் பிடித்தார்கள்! ரூபர்ட் ப்ளூ என்ற மருத்துவர் எலி வேட்டைக்கு ஊரையே கிளப்பினார். ஏழு வருஷத்துக்கு முன்னால் எலி இல்லையாமா?

இந்த ஒரு பத்தியை எழுதத்தான் மதியச் சாப்பாட்டையே தள்ளிவைத்தேன்.

வாய்தா (மதியம் 1.50)
1907 புள்ளி நல்ல புள்ளி. ஆனால் எலித் தெள்ளுப்பூச்சிதான் பரப்புகிறது என்பது 1900இல் பரவலாக ஏற்கப்படவில்லை. நடுவில் அறிவு வளர்ந்தது என்று எதிர்த்தரப்பு வாதிடும்.

பழையபேப்பர் (மதியம் 1.53)
நீங்கள் யார் பக்கம்?

வாய்தா (மதியம் 1.54)
வக்கீல் யார் பக்கமும் இல்லை, கட்டணம் வரும்வரை.

நுண்ணோக்கி (மதியம் 2.20)
ஆளுநர் பொய் சொன்னார், மூன்று பத்திரிகைகளும் பொய் சொல்லின. சரி. அதனால் நாலாவது பத்திரிகை உண்மை சொன்னது என்று ஆகிவிடுமா? நான் ஒரு வரி கேட்டேன். நாற்பது வரி வந்தது, அந்த ஒரு வரி வரவில்லை. லேபில் இதை நெகட்டிவ் என்போம்.

சிங்கைச்செல்வன் (மதியம் 2.31)
லாட் பாவ் இதைப் பற்றி என்ன எழுதியது என்று யாராவது தேடினீர்களா? சிங்கப்பூர் தேசிய நூலகத்தில் பழைய தாள்கள் இருக்கின்றன.

எழுத்துக்கூட்டி (மதியம் 2.33)
அது "லே பாவ்".

சிங்கைச்செல்வன் (மதியம் 2.34)
எங்கள் ஊர்ப் பத்திரிகைக்கு எங்களுக்கே பெயர் சொல்லித் தருகிறீர்களா?

பழையபேப்பர் (மதியம் 3.05)
நெகட்டிவ்! ஸ்லைடைச் சரியாகப் பார்த்தீர்களா?

1906 பூகம்பத்தில் ஊரே எரிந்தபோது அந்தப் பத்திரிகை ஓக்லாந்துக்குப் போய் அச்சடித்தது. சைனா டவுனை ஊருக்கு வெளியே ஹன்டர்ஸ் பாயின்ட்டுக்குத் தள்ளப் பார்த்தபோது எதிர்த்து நின்றது. 1951 வரை நின்றது. ஆயிரக்கணக்கான எழுத்து அச்சுகளில் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோர்த்தால்தான் ஒரு பக்கம் நிற்கும். 247 எழுத்துக்கே எங்கள் கம்போசிட்டர்கள் சாயங்காலம் கண்ணைக் கசக்குவார்கள். அப்படி உழைத்த ஆட்களைப் பாட்டன், வதந்தி என்று ஒரு வரியில் தூக்கிப் போட்டால் எனக்குப் பொறுக்காது.

நீங்கள் கேட்ட மன்னிப்பு வரியை நாளை தேடுகிறேன். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் குரங்கு செத்த தேதி மாறாது.

நுண்ணோக்கி (மதியம் 3.12)
அப்படியானால் இன்றுவரை வரி இல்லை. குறித்துக்கொள்கிறேன். விருப்பக்குறி இப்போது 61, எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழையபேப்பர் (மதியம் 3.13)
13.