கிரகடோவா: குடும்பக் குழுவில் ஒரு ஃபார்வர்டு

*ராஜி அத்தை:* (பலமுறை அனுப்பப்பட்டது, சிவப்பு லாவா ஓடுற ஒரு படத்தோட)
1883 கிரகடோவா!! உலக வரலாற்றிலேயே பெரிய எரிமலை வெடிப்பு. லாவா ஓடி 36,000 பேர் பலி. சத்தம் உலகம் முழுக்கக் கேட்டது. தீவே மாயம்! அனைவருக்கும் பகிரவும் 🙏

*முரளி சித்தப்பா:* அக்கா, இதுல வருஷமும் எண்ணிக்கையும்தான் தேறும் 😄 அப்ப இந்தோனேசியாவை ஆண்ட டச்சு அரசு எழுதிவச்ச கணக்கு 36,417. ஆனா லாவாவுக்கும் அந்தச் சாவுக்கும் சம்பந்தமே இல்ல.

*கார்த்தி:* பின்ன எப்படி?

*நித்யா அக்கா:* முக்கால்வாசிக்கும் மேல சுனாமிடா. கிரகடோவா இந்தோனேசியால ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவுல கடல்ல இருக்கற எரிமலைத் தீவு. ஆகஸ்ட் 27 காலைல 10 மணி சுமாருக்குப் பெரிய வெடிப்பு. கொதிக்கிற சாம்பலும் கல்லும் வாயுவுமா மலைச்சரிவுல இறங்கி அப்படியே கடல்ல விழுந்துச்சு. அந்தப் பாரம் தண்ணியத் தள்ளினதுதான் அலைக்கு முக்கியக் காரணம்னு இப்ப பெரும்பாலானவங்க சொல்றாங்க. ஜாவா பக்கம் மேராக்ல 30 மீட்டருக்கு மேல ஏறுச்சு. சுமத்ரா பக்கம் பெரோவ்னு ஒரு நீராவிக் கப்பலை ஆத்துப் பள்ளத்தாக்கு வழியா காட்டுக்குள்ள கிலோமீட்டர் கணக்குல கொண்டுபோய்ப் போட்டுடுச்சு.

*முரளி சித்தப்பா:* அந்தச் சாம்பல்லயே லேசான பங்கு மூழ்கல. கடல் மேலயே ஓடி 40 கிமீ தள்ளி சுமத்ரா கரையில இருக்கற கெதிம்பாங் வரைக்கும் போச்சு. அங்க இருந்தவங்க வெந்துதான் செத்தாங்க. நடுவுல கடல் இருக்கே, நமக்கென்னனு இருக்க முடியாது.

*ராஜி அத்தை:* ஐயோ 😢 சத்தமாவது உண்மையா?

*முரளி சித்தப்பா:* உலகம் முழுக்க இல்லக்கா. 4,800 கிமீ தள்ளி, மொரீஷியஸ் பக்கம் இருக்கற ரோட்ரிக்ஸ் தீவுல கேட்டுச்சு. கிழக்க எங்கயோ பீரங்கி சுடுற மாதிரி இருந்துச்சுன்னு அங்க இருந்த போலீஸ் அதிகாரி குறிச்சு வச்சிருக்கார். சத்தம் போய்ச்சேரவே நாலு மணி நேரம் ஆச்சு. உலகத்தைச் சுத்தினது காதுக்குக் கேக்காத காத்தழுத்த அலை. பாரோமீட்டர்ல அஞ்சு நாள் வரைக்கும் திரும்பத் திரும்பப் பதிஞ்சிருக்கு.

*நித்யா அக்கா:* "பெரிய வெடிப்பு"ங்கறதும் தப்பு அத்தை. அதே இந்தோனேசியால 1815ல வெடிச்ச டம்போரா எரிமலை, வெடிப்போட பலத்தைச் சொல்ற அளவுகோல்ல 7. கிரகடோவா 6. ஒரு எண் கூடினா வெளிவந்த பொருள் பத்து மடங்குன்னு வச்சுக்கோங்க. கிரகடோவாவுக்கு இவ்வளவு பேர் வரக் காரணம் தந்தி. சேதி உடனே ஐரோப்பா போய்டுச்சு.

*கார்த்தி:* தீவு?

*நித்யா அக்கா:* மூணுல ரெண்டு பங்கு போச்சு. ரகாட்டா சிகரம் பாதியா வெட்டின மாதிரி இன்னும் 800 மீட்டருக்கு நிக்குது. அப்புறம், அந்தப் படத்துல ஓடுற சிவப்பு லாவா ஹவாய் மாதிரி இருக்கு 🤦‍♀️

*ராஜி அத்தை:* நம்ம பக்கம் ஒண்ணும் தெரியலையா?

*முரளி சித்தப்பா:* தெரிஞ்சுதே. நாகப்பட்டினம், மெட்ராஸ் ஓதமானில (கடல்மட்டம் ஏறி இறங்குறத அளக்குற கருவி) அலை பதிவாச்சு. செப்டம்பர்ல மெட்ராஸ்ல சூரியன் பச்சையா தெரிஞ்சுது! வெடிப்புல வானத்துல மேல பரவின துகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, சிவப்பை அதிகமா சிதறடிச்சுடுச்சு. கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிக்கி ஸ்மித் நிறமாலைமானி (ஒளியை நிறம் நிறமா பிரிச்சுக் காட்டுற கருவி) வச்சு அதை ஆராய்ஞ்சார். பின்னால கொடைக்கானல் வானாய்வகத்தை அமைச்சவர் அவர்தான்.

*கார்த்தி:* சூப்பர் 🟢 இப்ப அது செத்த எரிமலைதானே?

*முரளி சித்தப்பா:* எங்க! தீவு போன எடத்துல உண்டான பள்ளத்துலேருந்து 1927ல புதுசா ஒண்ணு தலை தூக்குச்சு, அனாக் கிரகடாவ். 2018 டிசம்பர் 22 ராத்திரி அதோட தென்மேற்குச் சரிவு கடல்ல சரிஞ்சுது. 338 மீட்டர் மலை 110 ஆச்சு. அதுல கிளம்பின சுனாமில 400 பேருக்கு மேல போய்ட்டாங்க.

*கார்த்தி:* எச்சரிக்கை வரலயா?

*நித்யா அக்கா:* அப்ப இருந்த சுனாமி எச்சரிக்கை அமைப்பு பெரிய நிலநடுக்கத்தை வச்சுத்தான் சைரன் ஊதும். இது நிலச்சரிவு, ஊதல. அந்தக் கரைக்குப் போறவங்க "நிலம் ஆடலயே"ன்னு நிக்கக் கூடாது. கடல் திடீர்னு உள்வாங்கினாலோ இரைச்சல் வந்தாலோ மேட்டுக்கு ஓடணும். எரிமலை நிலையையும் பாத்துக்கணும். அங்க ஆபத்து ஏற ஏற நாலு படி: நார்மல், வஸ்பாடா, சியாகா, அவாஸ். சியாகா வந்துட்டா படகுக்காரர் எவ்வளவு கூப்பிட்டாலும் ஏறக் கூடாது.