ஏஞ்சலும் டைகர் பார்ப்பும் ஒரே தொட்டியில் இருக்கலாமா?

புதுத்தொட்டிக்காரன்:
வணக்கம். என் மீன் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். ஃபில்டர், ஹீட்டர் ரெண்டும் ஓடுது, தண்ணி 26 டிகிரி. உள்ளே 2 ஏஞ்சல், 3 டைகர் பார்ப், எல்லாம் குட்டிங்கதான். கொஞ்ச நாள் ஒத்துமையா இருந்துச்சு. இப்போ ஒரு ஏஞ்சலுக்கு வயித்துக்குக் கீழே நூல் மாதிரி தொங்குற துடுப்பு ரெண்டுல ஒண்ணு பாதிதான் மிச்சம், வால் ஓரமும் கிழிஞ்சிருக்கு. இது போக நியான் டெட்ரா 6, கப்பி கொஞ்சம், ஒரு ஃபைட்டர், பாசி தின்ன ஒரு சக்கர்னு வீட்ல பட்டியல் ரெடி. ஃபைட்டருக்குப் பொண்ணு பேரே வெச்சுட்டா. எதெல்லாம் சேர்க்கலாம்?

நீர்ப்பூச்சி:
டைகர் பார்ப்பை மூணு மட்டும் வெச்சா இப்படித்தான். எட்டு, பத்துன்னு கூட்டுங்க. தங்களுக்குள்ளேயே துரத்திக்கிட்டு மத்ததைக் கண்டுக்காது.

சேறும்செதிலும்:
நீர்ப்பூச்சி சொல்றது பாதி சரி. கூட்டம் பெருசானா சண்டை அதுங்களுக்குள்ளேயே முடிஞ்சுடும்தான். ஆனா மெதுவா நீந்துற மீன் நீளத் துடுப்பைக் கண்ணு முன்னாடி ஆட்டிக்கிட்டே போனா, எட்டு பார்ப்புல ஒண்ணாவது போய்க் கடிச்சுப் பார்க்கும். ரெண்டு அடிக்குள்ள ஏஞ்சல் எங்கே போய் ஒளியும்? ஏஞ்சல், பார்ப் ரெண்டு வகையில ஒண்ணைத் திருப்பிக் கொடுத்துடுங்க.

தம்பி, சாதுவா முரடாங்கிறது எனக்கு ரெண்டாவது கேள்விதான். எது வாய்க்குள்ள எது போகும்னு முதல்ல பாருங்க, அதுவும் முழுசா வளர்ந்த அளவை வெச்சு. ஏஞ்சல் 15 செ.மீ வரை வளரும். மேல் துடுப்பு நுனியிலிருந்து கீழ் நுனி வரை அளந்தா அதைவிடக் கூடுதல். நியான் 4 செ.மீ தாண்டுறதே அபூர்வம், உடம்பும் ஒல்லி. குட்டியா இருக்கிறவரை ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நீந்தும். ஏஞ்சல் வளர வளர, காலையில விளக்கைப் போட்டு எண்ணினா நியான் குறைஞ்சிருக்கும். அதுக்கு ஏஞ்சலைத் திட்டி என்ன பிரயோஜனம்?

சக்கர் விஷயத்துல இன்னும் ஜாக்கிரதை. சாதா சக்கர் ஒரு அடியைத் தாண்டி வளர்ற மீன். உங்க தொட்டியில திரும்பக்கூட முடியாது. அது தின்கிற பாசியைவிடப் போடுற கழிவு ஜாஸ்தி. 'ஆல்ஜி ஈட்டர்'னு பொன்நிறத்துல ஒண்ணு கிடைக்கும், அதையும் தொடாதீங்க. பெருசானதும் பாசியை மறந்துட்டு, ஏஞ்சல் மாதிரி தட்டை உடம்பு மீனோட பக்கவாட்டுல ஒட்டிக்கிட்டு மேல இருக்கிற வழுவழுப்பை உறிஞ்ச ஆரம்பிச்சுடும். கண்ணாடிப் பாசிக்கு ஒரு ஸ்பாஞ்ச் போதும், அதுக்கு உயிர் எதுக்கு?

ஃபைட்டர் தனியா இருக்கட்டும். 20 லிட்டர் தொட்டி, சின்ன ஹீட்டர், மெதுவா ஓடுற ஃபில்டர், அவ்வளவுதான். பார்ப் இருக்கிற இடத்துல அதோட வால் ஒரு வாரம்கூடத் தாங்காது. கப்பியோட விட்டா, அந்தக் கலர் வாலைப் பார்த்து எதிரின்னு இது போய் முட்டும். பேர் வெச்ச மீனாச்சே, பாப்பாவையும் சமாளிக்கணும் இல்லையா!

புதுத்தொட்டிக்காரன்:
ரெண்டையும் கொடுத்துட்டு முதல்லேர்ந்து ஆரம்பிச்சா என்ன விடலாம் அண்ணா? கிழிஞ்ச துடுப்பு வளருமா?

சேறும்செதிலும்:
வளரும், அடித்தண்டு வரை போகாம இருந்தா. இன்னிக்கே பார்ப்பைப் பிரிச்சு, தண்ணியைச் சுத்தமா வையுங்க. கிழிஞ்ச இடத்துல வெள்ளையா பஞ்சு படர்ந்தா மட்டும் பூஞ்சைக்கு மருந்து பாருங்க.

உங்க தொட்டி கணக்குப்படி 70 லிட்டர். மணல், மேல விடுற இடைவெளி கழிச்சா 60 வெச்சுக்கங்க. நானா இருந்தா நியானை நடுவுல வெச்சு மத்ததை அதுக்கு ஏத்த மாதிரி எடுப்பேன். நியான் 10, அடியில கோரிடோரஸ் (சுருக்கமா கோரி, தரையில மேயுற சின்ன மீசை மீன்) 6, மேலே சுத்த ஒரே ஒரு ஹனி குராமி. 25 டிகிரி மூணுக்கும் ஒத்துக்கும். கோரிக்குக் கூர்மையான சரளை வேண்டாம், மீசை தேஞ்சுடும். மெல்லிய மணல் போடுங்க. மணல்ல மூஞ்சியைப் புதைச்சு செவுள் வழியா மணலைத் துப்பும், அதைப் பார்த்துக்கிட்டே உட்காரலாம். மேலே மிதக்கிற தீனியை நம்பி அதை விட்டுடாதீங்க, ராத்திரி விளக்கை அணைச்சதும் மூழ்குற மாத்திரை ரெண்டு போடுங்க.

நீர்ப்பூச்சி:
தண்ணி எப்படின்னு கேட்காமலே நியான் சொல்லிட்டீங்களே?

சேறும்செதிலும்:
நியாயமான கேள்வி. வெந்நீர் வைக்கிற பாத்திரத்துல வெள்ளையா படியுதா தம்பி? படிஞ்சா உப்புக் கூடின தண்ணி, நியானுக்குச் சுகப்படாது. அப்போ நியானை விட்டுட்டு ஆண் கப்பி மட்டும் 8 விடுங்க, அதுக்கு அந்தத் தண்ணிதான் பிடிக்கும். ஒரு பொட்டைகூட வேண்டாம். அது ஏற்கெனவே ஆணோட இருந்திருந்தா, தனியா வெச்சாலும் மாசக்கணக்கா குட்டி போட்டுக்கிட்டே இருக்கும். அப்புறம் நீங்க குட்டிங்களுக்கு இடம் தேடி இங்கே வந்து கேட்பீங்க.

எதை வாங்கினாலும் ஒரே நாள்ல கொட்டாதீங்க. ஃபில்டர்ல மீன் கழிவைச் சிதைக்கிற பாக்டீரியா புதுச் சுமைக்கு ஏத்த மாதிரி பெருக நேரம் எடுக்கும். முதல்ல கோரி, ரெண்டு வாரம் கழிச்சு அடுத்தது. இடையில அந்தக் கழிவால தண்ணியில சேர்ற விஷமான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதிச்சுப் பாருங்க, ரெண்டும் பூஜ்ஜியம் காட்டுற வரைக்கும் புது மீன் கிடையாது.