பென்டிரைவ் செருகினாலே எல்லாம் ஷார்ட்கட் ஆகிறது, டிஃபெண்டரோ ஒன்றும் இல்லை என்கிறது

பாலக்கரை_பையன்:
மக்களே, வீட்டு லேப்டாப்பில் ஒரு வைரஸ் வந்து உட்கார்ந்துகொண்டு போகவே மாட்டேன் என்கிறது. எந்தப் பென்டிரைவைச் செருகினாலும் உள்ளே இருக்கும் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிடுகிறது, ஐகான் ஓரத்தில் அந்தச் சின்ன அம்புக்குறி, சைஸ் பார்த்தால் 2 கேபி. கிளிக் செய்தால் ஃபைல் எல்லாம் ஒழுங்காகத் திறக்கிறது, அதனால் தங்கை ரொம்ப நாளாக இதைக் கண்டுகொள்ளவே இல்லை. புராஜெக்ட் ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனபோதுதான் கடைக்காரர் "அம்மா தாயே, இதை என் சிஸ்டத்துல செருகிடாதே"ன்னு கும்பிட்டு அனுப்பியிருக்கிறார்.

லேப்டாப் செகண்ட் ஹேண்ட், விண்டோஸ் 10. வாங்கின கடையிலேயே ஓஎஸ், ஆபீஸ் எல்லாம் போட்டுத்தான் கொடுத்தார்கள். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஃபுல் ஸ்கேன் ஓட்டினால் எந்த ஆபத்தும் இல்லை என்று பச்சை டிக் வருகிறது. பென்டிரைவை ஃபார்மட் செய்து, ஒரு ஃபோல்டரைக் காப்பி செய்துவிட்டு எடுத்துச் செருகினால் திரும்பவும் ஷார்ட்கட். டாஸ்க் மேனேஜரில் 'விண்டோஸ் பேஸ்டு ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்' என்று ஒன்று ஓடுகிறது, எண்ட் டாஸ்க் கொடுத்தால் போகிறது, ரீஸ்டார்ட் செய்தால் வந்து நிற்கிறது.

ஃபார்மட் அடிக்கலாம்தான், ஆனால் அப்பாவின் டேலி கணக்கு முழுக்க இதில்தான் இருக்கிறது. தங்கைக்கு அடுத்த வாரம் வைவா. பக்கத்து சர்வீஸ் கடையில் கேட்டால் டேட்டாவுக்குக் கேரண்டி இல்லை என்கிறார்கள். வேறு வழி இருக்கிறதா?

சும்மா_வந்தேன்:
ஃபார்மட் அடிச்சுட்டு நிம்மதியா இரு நண்பா. இல்லன்னா இன்னொரு ஆன்டிவைரஸ் போட்டு ரெண்டையும் ஒண்ணா ஓட விடு.

ஸ்க்ரூடிரைவர்:
மேலே சொன்ன நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம், ரெண்டு ஆன்டிவைரஸை ஒரே நேரத்தில் ஓட விட்டால் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு மெஷின்தான் படுத்துக்கொள்ளும்.

தம்பி, முதலில் ஒன்று. உங்கள் ஃபைல் எதுவும் ஷார்ட்கட்டாக மாறவில்லை. ஃபோல்டர் எல்லாம் அதே பென்டிரைவில் பத்திரமாகத்தான் இருக்கிறது, வைரஸ் அதற்கு ஹிடன், சிஸ்டம் என்று ரெண்டு முத்திரை குத்தி மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் செய்து வைக்கிறது. அந்த ஷார்ட்கட்டில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸில் டார்கெட் என்ற இடத்தைப் பாருங்கள், ஃபோல்டர் பாதை இருக்காது, ஒரு நீளமான கட்டளை இருக்கும்: முதலில் ஸ்கிரிப்டை ஓட்டு, அப்புறம் ஃபோல்டரைத் திற. கிளிக் செய்தவருக்கு ஃபோல்டர் திறந்துவிட்டது, சந்தேகம் வரவில்லை, அந்த நொடியில் வைரஸ் மெஷினுக்குள் போய்விட்டது. இந்த வேலையெல்லாம் ஆட்டோரன் போனதால் வந்தது. பழைய எக்ஸ்பி காலத்தில் பென்டிரைவ் செருகினாலே தானாக ஓடும். விண்டோஸ் 7-இல் அதை மூடினார்கள், 2011-இல் எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அப்டேட் விட்டு மூடினார்கள். தானாக ஓட முடியாது என்றானதும் நம் கையாலேயே கிளிக் செய்ய வைக்கும் இந்த வித்தை நன்றாகச் செழித்தது.

அதனால் பென்டிரைவை எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் பிரயோஜனம் இல்லை, மூலம் லேப்டாப்பில் இருக்கிறது. லேப்டாப்பை மட்டும் சுத்தம் செய்து பென்டிரைவை விட்டாலும் அதே கதைதான். வீட்டில் இருக்கும் பென்டிரைவ், மெமரி கார்டு, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் ஒரு இடத்தில் எடுத்து வையுங்கள், நான் சொல்லும் வரை எதையும் செருக வேண்டாம்.

இப்போது லேப்டாப். நெட்டைத் துண்டித்துவிடுங்கள். டாஸ்க் மேனேஜரில் டீட்டெயில்ஸ் டேபுக்குப் போய், மேலே தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து செலக்ட் காலம்ஸ், அதில் கமாண்ட் லைன் என்பதை டிக் செய்யுங்கள். அந்த ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் எந்த ஃபைலை ஓட்டிக்கொண்டிருக்கிறது என்று முழுப் பாதையும் தெரியும், இதைப் பார்க்காமல் எண்ட் டாஸ்க் கொடுப்பதில் அர்த்தமில்லை. பெரும்பாலும் ஆப்டேட்டாவுக்குள் ரோமிங் அல்லது டெம்ப் ஃபோல்டரில் வாயில் நுழையாத பெயரில் ஒரு விபி ஸ்கிரிப்ட் இருக்கும். பாதையைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு, அதற்கப்புறம் எண்ட் டாஸ்க் கொடுத்துவிட்டு அந்த ஃபைலை அழியுங்கள்.

இது பாதிதான். ரீஸ்டார்ட் செய்தால் எழுப்பிவிட எங்கேயோ ஒரு ஆள் வைத்திருக்கும். ஸ்டார்ட்அப் ஃபோல்டர், விண்டோஸ் தன் செட்டிங்ஸை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ரன் என்ற கீ, டாஸ்க் ஷெட்யூலர், மூன்றையும் பார்க்க வேண்டும். தனித்தனியாகத் தேடச் சலிப்பாக இருந்தால் மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தளத்தில் ஆட்டோரன்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, நெட் துண்டித்திருப்பதால் வேறு கம்ப்யூட்டரில் இறக்கி போனில் கேபிள் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அதை அட்மினாக ஓட்டி, ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைத்துவிட்டால் மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும். நீங்கள் போட்டோ எடுத்த அதே பாதை எங்கே வந்தாலும் டிக்கை எடுத்துவிடுங்கள், உடனே டெலீட் செய்ய வேண்டாம், ரீஸ்டார்ட் செய்து பார்த்து எல்லாம் சரியாக இருந்தால் அழித்துக்கொள்ளலாம். என்ன வருகிறது என்று இங்கே சொல்லுங்கள்.

மல்லி_டெக்:
ஸ்க்ரூடிரைவர் அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் எனக்கு வேறொரு இடத்தில் இடிக்கிறது. இந்த மாதிரி விபி ஸ்கிரிப்ட் வைரஸ் எல்லாம் அரதப் பழசு, டிஃபெண்டர் தூக்கத்தில்கூடப் பிடிக்கும். ஃபுல் ஸ்கேனில் ஒன்றுமே இல்லை என்று எப்படி வரும்? தம்பி, விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன், அதில் மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று ஒன்று இருக்கும். அதில் என்ன இருக்கிறது பாருங்கள். இதைப் பார்த்துவிட்டு மற்றதைச் செய்யலாம்.

பாலக்கரை_பையன்:
அக்கா, அதில் சி டிரைவே இருக்கிறது. முழு சி டிரைவ். கீழே ஏதோ கேஎம்எஸ் என்று தொடங்கும் ஒரு ஃபோல்டரும் இருக்கிறது. இதை நான் போடவில்லை, வீட்டில் யாருக்கும் இப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாது.

மல்லி_டெக்:
நினைத்தேன். எக்ஸ்க்ளூஷன் என்றால் இந்த இடத்தைப் பார்க்காதே என்று டிஃபெண்டருக்கு எழுதிக் கொடுப்பது. சி டிரைவையே பார்க்காதே என்று சொல்லிவிட்டால் அது எதை ஸ்கேன் செய்யும், பச்சை டிக் போட்டுவிட்டுப் போகும். வாட்ச்மேனுக்குச் சம்பளம் கொடுத்து கண்ணைக் கட்டி உட்கார வைத்த மாதிரி.

கேஎம்எஸ் என்பது விண்டோஸையும் ஆபீஸையும் காசு கொடுக்காமல் ஆக்டிவேட் செய்யும் திருட்டு மென்பொருளாக இருக்க வேண்டும். அது ஓட வேண்டுமென்றால் டிஃபெண்டரை ஆஃப் செய்தாக வேண்டும், இல்லை விலக்கு கொடுத்தாக வேண்டும். செகண்ட் ஹேண்ட் மெஷினில் இதைப் போட்டுத் தருவது பல இடங்களில் வாடிக்கை. அந்த ஃபோல்டர் விலக்கு கடையில் போட்டதாக இருக்கலாம், சி டிரைவ் விலக்கைப் பின்னால் வந்த வைரஸே போட்டிருக்கலாம், அட்மின் அனுமதி கிடைத்தால் ஒரே ஒரு பவர்ஷெல் வரியில் செய்துவிடலாம்.

ரெண்டு விலக்கையும் எடுத்துவிடுங்கள். கொஞ்ச நேரம் மட்டும் நெட்டைக் கொடுத்து டிஃபெண்டரை அப்டேட் செய்துவிட்டு, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். லேப்டாப் தானாக ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுசாக எழுந்திருக்கும் முன்னாலேயே வெளியிலிருந்து ஸ்கேன் செய்யும், கால் மணி நேரம் போல ஆகும். வைரஸ் அப்போது ஓடிக்கொண்டிருக்காது, அதனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. முடிந்ததும் ஒரு ஃபுல் ஸ்கேன், அப்புறம் எக்ஸ்க்ளூஷன் பட்டியலைத் திரும்பவும் பாருங்கள். எடுத்தது மறுபடி வந்திருந்தால் இன்னும் ஏதோ உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

பாலக்கரை_பையன்:
ஆஃப்லைன் ஸ்கேன், ஃபுல் ஸ்கேன் ரெண்டும் முடிந்தது. ப்ரொடெக்ஷன் ஹிஸ்டரியில் சிவப்பாக ஒரு பட்டியலே வந்துவிட்டது. புழு என்று ஒன்று, ட்ரோஜன் என்று சில, ஹேக்டூல் என்று அந்த கேஎம்எஸ். ஸ்க்ரூடிரைவர் அண்ணன் சொன்ன மாதிரி ஆட்டோரன்ஸில் பார்த்தேன், ரன் கீயில் ஒன்றும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒன்றும் இருந்தது, ஷெட்யூலரில் இருந்தது ஏதோ அப்டேட் என்று நல்ல பிள்ளை மாதிரி பெயர் வைத்துக்கொண்டிருந்தது. ரெண்டையும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன், ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் வரவில்லை, எக்ஸ்க்ளூஷனும் காலி. இப்போது பென்டிரைவுக்குள் இருக்கும் ரிப்போர்ட்டை எப்படி எடுப்பது? அந்த மறைத்து வைத்த ஃபோல்டர்.

ஸ்க்ரூடிரைவர்:
நல்லது. பென்டிரைவைச் செருகுங்கள், ஆனால் உள்ளே இருக்கும் ஷார்ட்கட் எதையும் தொடக்கூடாது, தங்கையிடமும் சொல்லி வையுங்கள். முதலில் டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து ஸ்கேன்.

அப்புறம் கமாண்ட் ப்ராம்ப்ட். போனில் தமிழ் கீபோர்டு, அதனால் சொல்லாகச் சொல்கிறேன், ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்: அட்ரிப், இடைவெளி, மைனஸ் எச், இடைவெளி, மைனஸ் ஆர், இடைவெளி, மைனஸ் எஸ், இடைவெளி, முன்சாய்வு எஸ், இடைவெளி, முன்சாய்வு டி, இடைவெளி, உங்கள் பென்டிரைவின் எழுத்து, முக்காற்புள்ளி, பின்சாய்வு, நட்சத்திரம், புள்ளி, நட்சத்திரம். மைனஸ் எச் ஹிடனை எடுக்கிறது, மைனஸ் எஸ் சிஸ்டம் முத்திரையை எடுக்கிறது. பிராப்பர்டீஸில் போய் ஹிடன் டிக்கை எடுக்கப் பார்ப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள், சிஸ்டம் முத்திரை இருக்கும்வரை அந்த டிக் மங்கலாகவே இருக்கும், அசையாது. எழுத்தை மட்டும் சரியாகப் பாருங்கள், தவறி சி என்று தட்டிவிடக் கூடாது.

எண்டர் தட்டினால் உண்மையான ஃபோல்டர் எல்லாம் வெளியே வரும். சில வகை வைரஸ் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளி வைத்திருக்கும், வெறும் மஞ்சள் ஐகான் மட்டும் தெரிந்தால் பதறாதீர்கள், உள்ளே போய்ப் பாருங்கள். வேர்ட், பிடிஎஃப், படம் இவற்றை மட்டும் லேப்டாப்புக்குக் காப்பி செய்துகொண்டு, ஷார்ட்கட், ஸ்கிரிப்ட், இஎக்ஸ்இ எதையும் எடுக்காமல் பென்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். இப்போது செய்தால் அதற்குப் பலன் உண்டு. எடுத்து வைத்த மற்ற பென்டிரைவுக்கும் இதேதான்.

பயமாக இருந்தால் உபுண்டு லைவில் (இன்ஸ்டால் செய்யாமலேயே பென்டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ்) பூட் செய்தும் எடுக்கலாம், இந்த ஸ்கிரிப்ட் லினக்ஸில் ஓடாது. அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் இருந்ததே, பசங்க அதை அழித்துவிட்டு விண்டோஸை மட்டும் வைத்துக்கொண்டார்கள், இந்த மாதிரி வேலைக்கு அது எவ்வளவு உதவும் தெரியுமா.

பாலக்கரை_பையன்:
அண்ணே, வந்துவிட்டது! ரிப்போர்ட், பிபிடி, சர்க்யூட் படம் எல்லாம் இருக்கிறது. தங்கை உங்கள் ரெண்டு பேருக்கும் நன்றி சொல்லச் சொன்னாள். இனி இந்த லேப்டாப்பை நம்பலாமா?

ஸ்க்ரூடிரைவர்:
ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள், ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் தலை காட்டவில்லை என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

மல்லி_டெக்:
இதில் மட்டும் அண்ணனோடு ஒத்துப்போக மாட்டேன். ஷார்ட்கட் என்பது கண்ணுக்குத் தெரிந்த தொல்லை, அதனால்தான் மாட்டியது. பட்டியலில் ட்ரோஜன் என்று சில வந்தது என்கிறார், டிஃபெண்டர் கண்மூடி இருந்த காலத்தில் அவை என்ன எடுத்துக்கொண்டு போயின என்று யாருக்குத் தெரியும். அப்பா இந்த மெஷினில் நெட் பேங்கிங் பார்ப்பாரா? பிரவுசரில் பாஸ்வேர்டு சேமித்திருக்கிறதா? ஆம் என்றால் இன்றைக்கே போனிலிருந்து, லேப்டாப்பிலிருந்து அல்ல, மெயில், பேங்க் பாஸ்வேர்டு எல்லாம் மாற்றுங்கள், மெயிலில் எல்லா இடத்திலிருந்தும் சைன் அவுட் கொடுங்கள். பாஸ்வேர்டு மட்டும் மாற்றினால் போதாது, திருடிய குக்கீ (நீங்கள் லாகின் செய்திருப்பதை பிரவுசர் நினைவில் வைக்கும் குறிப்பு) இருந்தால் பாஸ்வேர்டு இல்லாமலேயே உள்ளே வரலாம். கணக்கில் தெரியாத பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

வைவா முடியட்டும், அதற்கப்புறம் புதிதாக விண்டோஸ் போடுங்கள். இப்போது அது பயப்பட வேண்டிய வேலை இல்லை, ஃபைல் எல்லாம் கையில் இருக்கிறது. டேலியில் உள்ளே இருக்கும் பேக்கப் ஆப்ஷன் வழியாக மட்டும் டேட்டாவை எடுங்கள், டேலி ஃபோல்டரை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அதில் இஎக்ஸ்இ இருக்கும்.

பாலக்கரை_பையன்:
அப்பா பேங்க் வேலை எல்லாம் போனில்தான் பார்ப்பார், நல்லவேளை. ஆனால் மெயில் பாஸ்வேர்டு சேமித்திருக்கிறது, இப்போதே மாற்றுகிறேன். விண்டோஸ் ஒரிஜினல் வாங்க ரொம்பச் செலவாகுமே அக்கா, அதனால்தான் யோசனை.

ஸ்க்ரூடிரைவர்:
மல்லி சொன்ன பிறகு நானும் யோசித்தேன், ட்ரோஜன் இருந்தது என்பதால் புதிதாகப் போடுவதே நல்லது. செலவுக்குக் கவலைப்பட வேண்டாம். செகண்ட் ஹேண்டில் வருவது பெரும்பாலும் ஆபீஸ்களில் கழித்த மெஷின், விண்டோஸ் 8 காலத்துக்குப் பின் வந்ததில் பலவற்றில் லைசென்ஸ் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். நல்ல கம்ப்யூட்டர் ஒன்றில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் போட்டு இன்ஸ்டால் செய்து நெட்டைக் கொடுத்தால் பல மெஷின் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். கடைக்காரர் அதைக்கூடப் பார்க்காமல் கேஎம்எஸ்ஸை ஓட்டியிருப்பார், பழக்கதோஷம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது, அதனால் ப்ராசஸர் இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் என்றால் நேராக 11-ஐயே போடுங்கள். மாடல் நம்பரைச் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

ஜெராக்ஸ்_கடை:
நான் இதே தொழில்தான். எங்களைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை, ஒரு நாளைக்கு எங்கள் சிஸ்டத்தில் எத்தனை பென்டிரைவ் ஏறி இறங்குகிறது தெரியுமா, எவன் கொண்டுவந்தான் என்றே சொல்ல முடியாது. பிடிஎஃப்பைக் கடை மெயிலுக்கு அனுப்பிவிட்டு வாங்க, பிரிண்ட் ரெடியாக இருக்கும். பென்டிரைவ்தான் வேண்டும் என்றால் கார்டு ரீடரில் மெமரி கார்டு போட்டுக் கொண்டுவாங்க, பெரிய அடாப்டரின் பக்கவாட்டில் ஒரு சின்ன லாக் இருக்கும், அதைக் கீழே தள்ளிவிட்டால் பெரும்பாலான ரீடரில் எங்கள் சிஸ்டத்தால் அதில் எதையும் எழுத முடியாது.

பாலக்கரை_பையன்:
மாடல் நம்பர் ஸ்டிக்கர் தேய்ந்துபோயிருக்கிறது, ஆனால் ப்ராசஸர் ஐ5, 8250 என்று காட்டுகிறது.

ஸ்க்ரூடிரைவர்:
எட்டாம் தலைமுறைதான், 11 போகும். பயாஸில் டிபிஎம் (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.