பி.எம். கிசான் 21-வது தவணை வரவில்லை: இ-கேஒய்சி சரி, லேண்ட் சீடிங் மட்டும் "நோ"

தென்கரை:
அப்பாவுக்கு பி.எம். கிசானில் (விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகை) 20-வது தவணை வரை 2,000 ரூபாய் ஒழுங்காக ஏறியது. கோவையில் 2025 நவம்பர் 19 அன்று விடுவித்த 21-வது தவணை ஏறவில்லை. ஸ்டேட்டஸ் பக்கத்தில் இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு) "யெஸ்", ஆதார்-பேங்க் இணைப்பு "யெஸ்", லேண்ட் சீடிங் (நிலப் பதிவு இணைப்பு) "நோ". மறுபடி கைரேகை வைக்கச் சொல்கிறார்கள். வைத்தால் சரியாகுமா?

வரப்பு:
ஆகாது தம்பி. கேஒய்சி "யெஸ்" என்றிருக்கும்போது திரும்பக் கைரேகை வைப்பது வீண் அலைச்சல். கோளாறு நிலப் பதிவில். சமீபத்தில் பட்டா மாறியதா?

தென்கரை:
ஆமாங்க. கூட்டுப் பட்டாவாக இருந்ததை 2025-இல் அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்துப் பதிந்தார்கள். சர்வே எண் 112/3 உட்பிரிவாகி அப்பா பங்கு 112/3பி, தனிப்பட்டா. அம்மா பெயரில் தனியாக 40 சென்ட் உண்டு. அவருக்கும் பணம் வந்தது, அதுவும் நின்றுவிட்டது.

வரப்பு:
அப்படியானால் இரண்டு முடிச்சு.

2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதுதான் கணக்கு. அதற்குப் பிறகு கைமாறிய நிலத்தில், உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்ததற்கு மட்டும் விலக்கு. உங்கள் தனிப்பட்டாவில் 2025 தேதி இருப்பதால், அப்பா புதிதாக நிலம் வாங்கியது போலத் தெரிந்திருக்கும். இப்படிப்பட்ட பதிவுகளையும், கணவன் மனைவி இருவரும் வாங்கும் பதிவுகளையும் 21-வது தவணைக்கு முன்பே நேரடிச் சரிபார்ப்புக்காக நிறுத்தி வைத்தார்கள்.

புதிய பட்டா, பழைய கூட்டுப் பட்டா நகல், பாகப்பிரிவினைப் பத்திரம், 2019-க்கு முந்தைய ஆண்டுகளையும் சேர்த்த வில்லங்கச் சான்று, ஆதார் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். "லேண்ட் சீடிங் நோ" என்று மட்டும் சொன்னால் புதிய பட்டாவைத்தான் பார்ப்பார்கள். "2019-க்கு முன்பே கூட்டுப் பட்டாவில் பெயர் இருந்தது, இது பாகம்தான், கிரயம் இல்லை" என்று எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். சரியானால் நின்ற தவணையும் சேர்ந்து வர வேண்டும்.

அம்மா விஷயம் வேறு. கணவன், மனைவி, 18 வயது ஆகாத பிள்ளைகள் சேர்ந்து ஒரே குடும்பம், ஆண்டுக்கு ஒரே 6,000. நிலம் தனித்தனியாக இருந்தாலும் அப்படித்தான். போர்ட்டலில் தாமாக விட்டுக்கொடுக்கும் வசதி இருக்கிறது, அம்மா பதிவை அதில் விட்டுக்கொடுத்துவிடுங்கள். வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்லலாம். ரசீது இல்லாமல் யாரிடமும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

களத்துமேடு:
சீடிங் சரியான பிறகு "பணம் போய்விட்டது" என்று காட்டியும் பாஸ்புக்கில் இல்லையென்றால் பதற வேண்டாம். ஓர் ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரே வங்கிதான் மானியம் வாங்கும். கடைசியாக இணைத்தது எதுவோ அதற்குப் போகும். இடையில் வேறு கணக்கு திறந்தபோது ஆதார் கொடுத்திருந்தால் பணம் அங்கே கிடக்கும். மைஆதார் தளத்தில் பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் பாருங்கள், வங்கியின் பெயர் வரும். வாட்ஸப்பில் வரும் "பி.எம். கிசான்" ஏபிகே ஃபைலை (போலி ஆப்) மட்டும் தொடாதீர்கள்.

தென்கரை:
பழைய கூட்டுப் பட்டா கையில் இல்லை. ஆன்லைனில் புதியதுதான் வருகிறது.

வரப்பு:
பாகப்பிரிவினைப் பத்திரத்தின் தொடக்கப் பக்கங்களைப் படியுங்கள். சொத்து எப்படி வந்தது என்று எழுதியிருப்பார்கள், முந்தைய ஆவண எண்ணும் வருடமும் இருந்தால் அதை வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். பழைய பட்டா விவரத்துக்கு வி.ஏ.ஓ.விடமோ தாலுகா அலுவலகத்திலோ கேளுங்கள், 112/3 என்ற பழைய எண்ணைச் சொல்லி.